ஈசானின் பாட்டிகளும் மகாசாயின் தொழிலாளர்களும்

2021ஆம் ஆண்டில் தாய்லாந்தில் 5 லட்சத்து 44 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. அதே ஆண்டில் 5 லட்சத்து 63 ஆயிரம் பேர் இறந்தார்கள். அந்நாட்டில் பிறப்பை இறப்பு முந்தியது அதுவே முதல்முறை. கொரோனாவின் பாதிப்பு அது, ஓரிரு ஆண்டுகளில் சரியாகிவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. சரியாகவில்லை. 2024இல் பிறந்தவர்கள் 4 லட்சத்து 62 ஆயிரம், இறந்தவர்கள் 5 லட்சத்து 71 ஆயிரம். 1963 முதல் 1983 வரை ஒவ்வோர் ஆண்டும் பத்து லட்சத்துக்கு மேல் குழந்தைகளைப் பெற்ற நாடு இது.

அந்தப் 'பத்து லட்சத் தலைமுறை'யின் மூத்தவர்கள் 2023இல் அறுபதைத் தொட்டார்கள். கடைசியாகப் பிறந்தவர்கள் அறுபதைத் தொட 2043 ஆகும். அதுவரை முதியோர் வரிசை நீண்டுகொண்டேதான் போகும். இப்போதே 6.6 கோடி மக்களில் ஐந்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். ஜப்பானும் தென்கொரியாவும் மூப்படையும்போது பணக்கார நாடுகளாகிவிட்டிருந்தன. தாய்லாந்தின் தலைக்கு வருமானமோ ஆண்டுக்கு 7,000 டாலரைச் சுற்றியே நிற்கிறது.

ஆட்கள் குறைகிறார்கள் என்று பாங்காக்கில் அமைச்சர்கள் கவலைப்படுகிறார்கள். பிள்ளை பெறுவதைத் தேசியக் கடமைபோலப் பேசுகிறார்கள். 2017 காதலர் தினத்தன்று சுகாதார அமைச்சகம் இளம்பெண்களுக்கு இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளை வழங்கியது. ஆனால் தாய்லாந்தின் நெருக்கடி தொட்டிலில் மட்டும் இல்லை. நாட்டுக்குள் ஏற்கெனவே வாழ்ந்து, உழைத்து, பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கானவர்களை அந்த நாடு தன் கணக்கில் முழுமையாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்தக் கிராமங்களில் பேரப்பிள்ளைகளோடு தனித்து விடப்பட்ட பாட்டிகள் ஒரு பக்கம். மியான்மரிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் லாவோஸிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் மறுபக்கம். இந்த இரு கூட்டத்தின் முதுகில்தான் தாய்லாந்தின் பொருளாதாரம் நிற்கிறது.

பிறப்பு குறைந்த கதையைத் தோல்வியாகச் சொல்வது நியாயமில்லை. 1960களில் ஒரு தாய்லாந்துப் பெண் சராசரியாக ஆறு குழந்தைகளுக்கு மேல் பெற்றாள். மக்கள்தொகை ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் பெருகியது. ராட்சபுரி மாகாணத்தின் போத்தாராம் வட்டத்தில் 1964இல் ஒரு சோதனை முயற்சி நடந்தது. கருத்தடை வசதி கொடுத்தால் கிராமப் பெண்கள் பயன்படுத்துவார்களா என்பதே கேள்வி. பெண்கள் ஆர்வத்தோடு வந்தார்கள். 1970இல் அரசு குடும்பக் கட்டுப்பாட்டைக் கொள்கையாக அறிவித்தது. அதே ஆண்டில் எடுத்த இன்னொரு முடிவுதான் நிலைமையை மாற்றியது: மருத்துவர் இல்லாத ஊர்களில் துணைச் செவிலியரே கருத்தடை மாத்திரை கொடுக்கலாம் என்று அனுமதித்தார்கள். மருத்துவரைத் தேடி நகரத்துக்குப் போகவேண்டிய தேவை நீங்கியது. ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே வேலை முடிந்தது.

அரசு தயங்கிய இடத்தில் மேச்சாய் வீரவைத்யா புகுந்தார். தாய்லாந்துத் தந்தைக்கும் ஸ்காட்லாந்துத் தாய்க்கும் பிறந்தவர். பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். இவர் பொருளாதார வல்லுநர். 1974இல் அவர் தொடங்கிய அமைப்பு, பெட்டிக்கடைக்காரரையும் ஆசிரியரையும் கருத்தடைச் சாதன விநியோகஸ்தர்களாக்கியது. பள்ளி ஆசிரியர்களுக்கிடையே ஆணுறையைப் பலூனாக ஊதும் போட்டி நடத்தினார். புத்த பிக்குகளை அழைத்து மாத்திரைப் பெட்டிகளுக்குப் புனிதநீர் தெளிக்க வைத்தார். மன்னரின் பிறந்தநாளில் இலவசக் கருத்தடை அறுவைச் சிகிச்சை முகாம் நடந்தது. குடும்பக் கட்டுப்பாட்டைப் பின்பற்றும் விவசாயிக்கு உழவு எருமையைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார்கள். வெட்கப்பட்டுப் பேச மறுத்த விஷயத்தைச் சிரித்துப் பேசவைத்தது அவருடைய பெரிய சாதனை. இதில் அரசுக் கட்டாயம் இல்லை. சீனாவைப் போலப் பெண்களைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. 1990களின் தொடக்கத்திலேயே சராசரி இரண்டு குழந்தைகளுக்கு இறங்கிவிட்டது. இப்போது அது ஒன்றை ஒட்டி நிற்கிறது.

குழந்தைகள் குறைந்த அந்தக் காலத்தில்தான் தொழிற்சாலைகள் வந்தன. 1985இல் பிளாசா ஒப்பந்தத்துக்குப் பிறகு ஜப்பானிய யென்னின் மதிப்பு ஏறியது. ஜப்பானிய நிறுவனங்கள் உற்பத்தியை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோயின. தாய்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் சோன்புரி, ராயோங் மாகாணங்கள் கார்த் தொழிற்சாலைகளால் நிறைந்தன. லேம் சாபாங் துறைமுகம் எழுந்தது. அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஆள் கொடுத்தது ஈசான்.

ஈசான் என்பது நாட்டின் வடகிழக்குப் பீடபூமி. 20 மாகாணங்கள், மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மண் வளம் குறைவு, மழை நம்பகமில்லை. லாவோஸ் மொழிக்கு நெருக்கமான பேச்சு. நெல்லும் மரவள்ளியும் கரும்பும் விளையும். தாய்லாந்துத் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் விவசாயத்தில் இருக்கிறார். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு 10 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம்தான் ஈசானின் வறுமை. நடவு முடிந்ததும் பேருந்தேறிப் பாங்காக்குக்குப் போய், அறுப்புக்குத் திரும்பியவர்கள் காலப்போக்கில் திரும்புவதையே நிறுத்திக்கொண்டார்கள். டாக்ஸி ஓட்டுநர், கட்டடத் தொழிலாளி, மசாஜ் நிலையப் பணியாளர், ஓட்டல் சமையல்காரர் என்று பாங்காக்கைச் சுமப்பவர்களில் பெரும்பகுதியினர் ஈசான்காரர்கள். ஏப்ரலில் சொங்க்ரான் புத்தாண்டு வந்தால் தலைநகரமே காலியானதுபோல் இருக்கும். வடகிழக்குச் சாலைகளில் வண்டிகள் ஊர்ந்து நகரும்.

இந்தப் பெயர்ச்சி பலன் தராமல் இல்லை. 1990இல் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள், இன்று பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஓலைக்கூரை ஓட்டுக்கூரையானது. ஆனால் பிள்ளை வளர்ப்பு இடம் மாறியது. தொழிற்சாலை விடுதியில் குழந்தையோடு இருக்க முடியாது. தாய் இரவு ஷிப்டில் இருக்கும்போது குழந்தையை யார் பார்ப்பது? பிறந்த சில மாதங்களில் குழந்தை கிராமத்துப் பாட்டியிடம் போய்ச் சேர்கிறது. தாய், தந்தை இருவரும் உயிரோடிருந்தும் தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் ஈசானில் ஊருக்கு ஊர் உண்டு.

அப்படி ஒரு வீட்டின் நாள் விடியுமுன் தொடங்குகிறது. பாட்டி இரவே ஊறவைத்த பசையரிசியை மூங்கில் கூடையில் கொட்டி ஆவியில் வேகவைக்கிறாள். பிக்குகள் பிச்சைக்கு வரும் நேரத்தில் வாசலில் உட்கார்ந்து ஒரு பிடி அவர்களின் கலயத்தில் இடுகிறாள். மிச்சம் பேரனுக்குப் பள்ளிச் சாப்பாடு. மகளோடு பேசுவது கைபேசித் திரையில். மகள் மாதாமாதம் அனுப்பும் பணம் வந்ததா என்பதே பேச்சின் பாதி. வராத மாதம் அரசின் உதவித்தொகை மட்டும்தான். அறுபது முதல் அறுபத்தொன்பது வயது வரை மாதம் 600 பாட். எழுபதுகளில் 700, எண்பதுகளில் 800, தொண்ணூறைத் தாண்டினால் 1,000. ஏழைக் குடும்பத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அதற்கும் மாதம் 600 பாட். பாட்டிக்கும் பேரனுக்கும் சேர்த்து 1,200. ஒருவருக்கான வறுமைக்கோடே மாதம் ஏறத்தாழ 3,000 பாட். முதியோர் உதவித்தொகையின் அளவு பத்தாண்டுகளுக்கு மேலாக மாறவே இல்லை. அதை எல்லோருக்கும் 3,000 பாட் ஆக்குவோம் என்று 2023 தேர்தலில் மூவ் ஃபார்வர்டு கட்சி வாக்குக் கொடுத்தது. அதிக இடங்களை வென்றும் அந்தக் கட்சியால் ஆட்சியமைக்க முடியவில்லை. 2024இல் அரசியல் சாசன நீதிமன்றம் கட்சியையே கலைத்துவிட்டது.

ஈசானிலும் வடக்கிலும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. திருமணமானதும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். மூத்த மகள்கள் பிறகு தனிக்குடித்தனம் போவார்கள். கடைசி மகள் பெற்றோரோடு தங்கி, வீட்டையும் அவர்களின் முதுமையையும் ஏற்பாள். வீடு அவளுக்கே சேரும். எழுதப்படாத இந்தச் சட்டம்தான் தலைமுறை தலைமுறையாக ஈசானின் முதியோர் பாதுகாப்பு. இன்று கடைசி மகள் ராயோங்கில் இருக்கிறாள். பல வீடுகளில் ஒரே மகள்தான், அல்லது மகளே இல்லை. வழக்கம் போய்விட்டது, அதன் இடத்தில் வரவேண்டிய அரசு ஏற்பாடு பாதி தூரம்தான் வந்திருக்கிறது.

பாதி தூரம் என்பதை மதிப்போடு சொல்லவேண்டும். மருத்துவத்தில் தாய்லாந்து செய்தது பல பணக்கார நாடுகளால் முடியாதது. கிராம மருத்துவமனைகளில் வேலை பார்த்த சங்குவான் நித்யாராம்போங் என்ற மருத்துவர், நோய் ஒரு குடும்பத்தை எப்படிக் கடனில் தள்ளுகிறது என்பதை நேரில் கண்டவர். எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற அவரது திட்டத்தை 2001இல் தக்சின் ஷினவத்ரா அரசு ஏற்றது. ஒருமுறை சிகிச்சைக்கு 30 பாட் கட்டணம். 2002இல் சட்டமானது. கூடவே பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கிராமச் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். படுக்கையில் விழுந்த முதியோருக்கு 2016இல் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புத் திட்டமும் இவர்களைப் போன்ற ஊர்ப் பெண்களை நம்பியே நடக்கிறது. அந்தப் பெண்களே ஐம்பதைத் தாண்டி, அறுபதை நெருங்குகிறார்கள் என்பது அடுத்த கவலை.

பணம் எங்கிருந்து வரும்? 1997 ஜூலை 2ஆம் தேதி பாட் நாணயத்தின் நிலையான மதிப்பைக் கைவிட்டபோது தாய்லாந்தின் பொற்காலம் முடிந்தது. அடுத்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. பிறகு மீண்டது, ஆனால் பழைய வேகம் வரவில்லை. கடந்த பத்தாண்டுகளில் வளர்ச்சி 2 சதவீதத்தைச் சுற்றியே இருக்கிறது. 2019இல் ஏறத்தாழ 4 கோடிச் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். அடுத்த ஆண்டு 67 லட்சம். ஒரே ஆண்டில் ஃபூக்கெட், பட்டாயா ஓட்டல்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் ஈசானுக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கும் சோறு போட்டது அதே பாட்டிகள்தான். வேலை செய்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அமைப்புசாராத் தொழிலாளர்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஓய்வூதியம் கிடையாது. குடும்பங்களின் கடன் நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 90 சதவீத அளவுக்கு ஏறியிருக்கிறது. வங்கிகள் கார்க் கடனை மறுக்க, 2024இல் உள்நாட்டுக் கார் விற்பனை 5 லட்சத்து 72 ஆயிரமாகச் சரிந்தது. ராயோங்கில் தன் தொழிற்சாலையை மூடப்போவதாக சுசூகி அறிவித்ததும், அதே மாகாணத்தில் சீனாவின் பிஒய்டி ஆலை திறந்ததும் அந்த ஆண்டில்தான்.

இந்தக் கடனுக்கும் மந்தமான வளர்ச்சிக்கும் நடுவே இளம்பெண்கள் பிள்ளை பெறுவதைத் தள்ளிப்போடுவதில் வியப்பில்லை. பல்கலைக்கழகங்களில் பெண்களே அதிகம். வேலைக்குப் போகும் பெண்களின் விகிதமும் ஆசியாவில் உயர்ந்த ஒன்று. தன்னைப் பாட்டியிடம் விட்டுப்போன தாயின் வருத்தத்தைப் பார்த்து வளர்ந்தவள், தன் குழந்தையை யாரிடம் விடுவது என்று கேட்பாள். மாத்திரை விநியோகம் அதற்குப் பதிலாகாது.

ஆக, கைகள் குறைந்தன. அந்த இடத்தை நிரப்பியவர்களைப் பார்க்க பாங்காக்குக்குத் தென்மேற்கே ஒரு மணிநேரம் போனால் போதும். சமுத் சாக்கோன் மாகாணத்தின் மகாசாய் நகரம் தாய்லாந்தின் கடல் உணவு ஏற்றுமதியின் மையம். கடைப்பெயர்கள் பர்மிய எழுத்தில். பெண்களின் கன்னங்களில் தனக்காப் பூச்சு. முழங்கால் வரை ரப்பர் காலணி, நெஞ்சிலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் ஏப்ரன், பனிநீரில் ஊறி வெளுத்த விரல்கள். இறாலின் தலையைத் திருகி, ஓட்டை உரித்து, முதுகுக் குடலை உருவி எடுக்கும் வேலைக்குக் கிலோ கணக்கில் கூலி. மியான்மரின் மோன், கரேன், தவாய்ப் பகுதிகளிலிருந்து வந்த இவர்கள் இல்லையென்றால் மகாசாயில் ஒரு தொழிற்சாலையும் ஓடாது. நாடு முழுவதும் இப்படி வந்தவர்கள் முப்பது லட்சத்திலிருந்து ஐம்பது லட்சம் வரை இருப்பார்கள் என்பது மதிப்பீடு.

இவர்கள் பட்ட பாட்டை உலகம் அறிய நாளானது. மீன்பிடிக் கப்பல்களில் ஆண்டுக்கணக்கில் சிறைபட்டவர்களின் கதையை அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் 2015இல் வெளிக்கொணர்ந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு புலிட்சர் விருது கிடைத்தது. 2015 ஏப்ரலில் சட்டவிரோத மீன்பிடிப்புக்காக ஐரோப்பிய ஒன்றியம் தாய்லாந்துக்கு மஞ்சள் அட்டை காட்டியது. சட்டங்கள் திருத்தப்பட்டு, துறைமுகங்களில் சோதனை வந்து, 2019இல்தான் அந்த அட்டை விலக்கப்பட்டது. ஆனால் தொழிலாளியின் அடிப்படை நிலை மாறவில்லை. 1975 தொழிலுறவுச் சட்டப்படி வெளிநாட்டவர் தொழிற்சங்கத் தலைவராக முடியாது, சங்கம் தொடங்கவும் முடியாது. முடிதிருத்துவது முதல் வண்டி ஓட்டுவது வரை ஒரு நீண்ட வேலைப்பட்டியல் அவர்களுக்குத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. 2020 டிசம்பரில் மகாசாய் இறால் சந்தையில் கொரோனா பரவியபோது, முதலில் நோய் கண்டறியப்பட்டவர் 67 வயதுத் தாய்லாந்துக்காரர். முள்கம்பி சுற்றப்பட்டதோ புலம்பெயர் தொழிலாளர்களின் குடியிருப்பைச் சுற்றி. 2025 மார்ச் 28ஆம் தேதி மியான்மர் நிலநடுக்கத்தின் அதிர்வில் பாங்காக்கில் ஒரே ஒரு உயர்மாடிக் கட்டடம் முற்றாக இடிந்து விழுந்தது. அரசுத் தணிக்கை அலுவலகத்துக்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தின் இடிபாடுகளில் புதைந்தவர்களில் மியான்மர்த் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

தாய்லாந்தின் மேற்கு எல்லையில் பெயர் தெரியாமல் மடிந்த தொழிலாளர்களின் கதை தமிழர்களுக்கும் சொந்தமானது. போத்தாராமுக்குப் பக்கத்து வட்டமான பான்போங்கில் தொடங்கி, மூன்று பகோடா கணவாய் வழியாக பர்மாவுக்கு ஜப்பானிய ராணுவம் 1942-43இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதைதான் சயாம் மரண ரயில். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர் அங்கே காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். அந்தப் பாதை செல்லும் காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள், பெரும்பாலானவை பெயர் பொறித்தவை, வரிசையாக இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த ஆசியக் கூலிகளுக்கு அப்படியொரு பதிவு இல்லை. யாரும் அவர்களை எண்ணவில்லை. எண்ணப்படாதவர்களுக்கு உரிமையும் நினைவும் இல்லாமல் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

புலம்பெயர் தொழிலாளர்கள் விஷயத்தில் 2025 ஒரு திருப்பம். ஜூலையில் கம்போடியாவோடு ஐந்து நாள் எல்லைப் போர் மூண்டது. லட்சக்கணக்கான கம்போடியத் தொழிலாளர்கள் அச்சத்தில் நாடு திரும்பினார்கள். கிழக்கு மாகாணங்களின் பழத்தோட்டங்களிலும் கட்டுமான இடங்களிலும் ஆள் இல்லை. ஆகஸ்ட்டில் இலங்கையிலிருந்து 10,000 பேரை வரவழைக்கத் தாய்லாந்து அரசு ஒப்புதல் அளித்தது. அதே மாதத்தில் இன்னொரு முடிவும் வந்தது. மியான்மர் எல்லையோரத்தில் ஒன்பது அகதி முகாம்கள் உள்ளன, முதல் அகதிகள் 1984இல் வந்தவர்கள். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் அங்கே உண்டு. நாற்பது ஆண்டுகளாக வெளியே வேலை செய்ய அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. அவர்களில் பதிவு பெற்ற ஏறத்தாழ 80,000 பேரில் வேலை செய்யக்கூடியவர்கள் சட்டப்படி வேலைக்குப் போகலாம் என்று அரசு அறிவித்தது. முகாம்களுக்கான உதவியை அமெரிக்கா வெட்டியதும், ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து இந்தக் கதவைத் திறந்தன. காரணம் எதுவானாலும் இது நல்ல முடிவு. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவு.

கடினமான கேள்வி குழந்தைகளைப் பற்றியது. தாய்லாந்தின் ஏறத்தாழ 29,000 அரசுப் பள்ளிகளில் சரிபாதியில் 120 மாணவர்கள்கூட இல்லை. ஈசானில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறார். பள்ளிகளை இணைப்பதா, மூடுவதா என்ற விவாதம் ஆண்டுதோறும் நடக்கிறது. அதே நேரத்தில் மகாசாயிலும் எல்லை நகரமான மேசோட்டிலும் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் வகுப்பறைக்காகக் காத்திருக்கிறார்கள். 2005இல் தாய்லாந்து அமைச்சரவை ஒரு பெருந்தன்மையான தீர்மானம் போட்டது: ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாட்டிலுள்ள எந்தக் குழந்தையும் பள்ளியில் சேரலாம். குடிமக்கள் எண் இல்லாத குழந்தைக்கு 'ஜி' என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு குறியீடு கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் குழந்தை தாய்லாந்து மொழியில் எழுதப் படிக்கிறது, தாய்லாந்து வரலாற்றைத் தன் வரலாறாகக் கற்கிறது. பள்ளிப் படிப்பு முடியும் நாளில் சட்டத்தின் கண்ணில் மறுபடி அந்நியராகிறது.

இந்த மண்ணில் பிறந்ததாலேயே கிடைத்துவந்த குடியுரிமையை 1972 டிசம்பரில் தனோம் கிட்டிகச்சோர்னின் ராணுவ ஆட்சி ஓர் ஆணையால் பறித்தது. தற்காலிக அனுமதியில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கும், அனுமதியின்றி வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் அது பொருந்தியது. மலைவாழ் மக்களின் பிள்ளைகளும் அதில் சிக்கினார்கள். 2018இல் தாம் லுவாங் குகையில் சிக்கிய கால்பந்துக் குழுவை உலகமே பிரார்த்தனையோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த 13 பேரில் மூன்று சிறுவர்களும் பயிற்சியாளரும் எந்த நாட்டின் குடிமக்களும் அல்லர் என்பது தெரியவந்தது. மீட்கப்பட்ட சில வாரங்களில் அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. 2024 அக்டோபரில், நீண்டகாலமாக நாடற்றவர்களாகப் பதிவாகியிருக்கும் 4 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ விரைவாகக் கிடைக்க அமைச்சரவை வழிசெய்தது. குகையிலிருந்து வந்த நால்வரைத் தாண்டி அந்த நீதி நகர ஆறு ஆண்டுகள் ஆயின.

மகாசாய்த் தொழிலாளியின் மகளுக்கு அந்த முடிவில் இடமில்லை. அவள் தாய்லாந்தில் பிறந்து தாய்லாந்துப் பள்ளியில் படித்தவள்தான். ஆனாலும் செவிலியராகவோ ஆசிரியராகவோ அரசுப் பணியில் சேர முடியாது. பெற்றோரைப் போல ஒப்பந்த அட்டை பெற்று இறால் உரிக்கப் போகலாம். ஈசானில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டிக்குப் பராமரிப்பாளர் தேடும் நாடு, அந்த வேலைக்குத் தானே பயிற்றுவித்திருக்கக்கூடிய பெண்ணைத் தொழிற்சாலை வாசலில் நிறுத்திவைக்கிறது. பத்து லட்சத் தலைமுறையின் பெரும்பகுதி இன்னும் அறுபதைத் தொடவில்லை. இன்று மேசோட்டிலும் மகாசாயிலும் முதல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள், 2043க்குள் செவிலியர்களாகவும் ஆசிரியர்களாகவும் ஆகிவிடக்கூடிய வயதில் இருப்பார்கள். அதற்குக் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினால் போதும். அந்த வேலை நாடாளுமன்றத்துக்குரியது.